ஹெக்சேனா, சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டைஆக்சைடா?

மூலிகையிலிருந்து எண்ணெய்ப்பசையுள்ள மருந்துச் சத்தைப் பிரிக்கப் பல ஆண்டுகள் ஹெக்சேன் என்ற கரைப்பானோடு மல்லுக்கட்டிவிட்டு, கார்பன் டைஆக்சைடுக்கு மாறியவன் நான். அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

ஹெக்சேன் மலிவு, நன்றாகக் கரைக்கும், சாதாரணக் கலனே போதும். சட்டெனத் தீப்பிடிக்கும், நரம்புக்கும் ஆகாது. தெரிந்த கதைதான்.

எங்களை மாற வைத்தது அதற்குப் பிறகு வரும் வேலை. மருந்தில் ஹெக்சேன் 290 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 290 பங்குக்கு) மேல் தங்கக்கூடாது என்பது மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் வரம்பு. கொதிநிலை 69 டிகிரிதானே, ஆவியாக்கினால் போய்விடும் என்று தோன்றும். பெரும்பகுதி போய்விடும், சரி. கடைசி மிச்சம்தான் பிசுபிசுப்பான சாற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு நகராது. சூட்டை ஏற்றினால் சத்து கெடும். வெற்றிட உலர்த்தியில் வைத்தால் நாள் போகும். உலர்த்து, மிச்சத்தை அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பார், மறுபடி உலர்த்து. பிரித்தெடுக்க ஆன நேரத்தைவிட இதற்கு அதிகம் ஆனது.

கார்பன் டைஆக்சைடு 31 டிகிரியையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் திரவம்போலக் கரைக்கும், வாயுபோல ஊடுருவும்; இதுதான் சூப்பர்கிரிட்டிக்கல் நிலை. வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கினால் போதும்: கரைக்கும் சக்தி போய்ச் சத்து தங்கிவிடும், வாயு தானே பிரிந்துவிடும். அதைப் பிடித்து மறுபடி ஓட்டலாம். உலர்த்தும் படியே கிடையாது. இன்னொரு வசதி, குறைந்த அழுத்தத்தில் வாசனை எண்ணெயையும் அப்புறம் ஏற்றிக் கனமானவற்றையும் தனித்தனியே எடுக்கலாம். ஹெக்சேன் மெழுகையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

குறைகளும் உண்டு. உயர் அழுத்தக் கலனும் பம்பும் முதலில் பெரிய செலவு. அழுத்தத்தை அவசரமாக இறக்கினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குள் புகுந்த வாயு உப்பி அதை வெடிக்கச் செய்யும். அந்தப் பாடத்துக்கு நாங்கள் நிறைய ஓ-ரிங் கொடுத்தோம். கசிந்தால் மூச்சுத் திணறும், ஆகவே அலாரம் கட்டாயம். முனைவுத்தன்மை கூடிய, அதாவது எண்ணெயைவிடத் தண்ணீரோடு எளிதில் சேரும், கிளைகோசைடு (சர்க்கரை இணைந்த தாவரச் சத்து) போன்றவற்றை இது தனியாகக் கரைக்காது, கொஞ்சம் எத்தனால் கலக்க வேண்டும். அப்போது உலர்த்தல் மறுபடி எட்டிப் பார்க்கும்; ஆனால் எத்தனாலுக்கு வரம்பு 5000 பிபிஎம் என்பதால் தலைவலி குறைவு.

இதே வாயுவை வைத்து மருந்தை நுண்துகளாக்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. பார்த்தவரை, பாதி நேரம் நாசில் அடைப்பை எடுப்பதிலேயே போனது.