“எந்த போட்டோவா இருந்தாலும் போதும்” என்று சொன்னால் பணம் அனுப்பாதீர்கள்

வீட்டு நாயையோ பூனையையோ ஓவியமாக வரையக் கொடுக்க நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 8,500 ரூபாய். அதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். வந்த படத்தைப் பிரித்ததும் அப்பா கேட்ட கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மணி எங்களோடு பதின்மூன்று வருஷம் இருந்தான். நாட்டு நாய், நல்ல கறுப்பு. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை. இடது காது நுனி தோட்டத்துக் கம்பி வேலியில் மாட்டி இரண்டாகக் கிழிந்திருக்கும். கடைசி மூன்று வருஷத்தில் மூக்கைச் சுற்றி நரை விழுந்துவிட்டது. அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில், ஷிஃப்ட் முடிந்து பஸ் வரும் நேரத்துக்கு வளைவில் போய் உட்கார்ந்துவிடுவான். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். போன ஆடிக் காற்றில் உடம்பு முடியாமல் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு எழுபது வயது நிறையும் நாளுக்கு மணியை எண்ணெய் வண்ண ஓவியமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்ஸ்டாகிராமில் தேடினேன். ஒரு பக்கத்தில் அழகழகான நாய்ப் படங்கள் வரிசையாக இருந்தன. ‘முழுக்கக் கையால் வரைந்தது, கேன்வாஸில் ஆயில்’ என்று போட்டிருந்தது. செய்தி அனுப்பிய பத்தாவது நிமிஷம் பதில் வந்துவிட்டது. என்ன மாதிரி போட்டோ வேண்டும் என்று கேட்டேன்.

“எந்த போட்டோவா இருந்தாலும் போதும் மேடம். நாங்க பாத்துக்கறோம்.”

அப்போது எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் என்னிடம் இருந்தவை எல்லாம் சுமாரான போட்டோக்கள். நாலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். நான் மணியோடு எடுத்த செல்ஃபி ஒன்று. தீபாவளி ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்தது ஒன்று. நின்றபடி மேலேயிருந்து எடுத்தது ஒன்று. தம்பி ஃபில்டர் போட்டு ஸ்டேட்டஸில் வைத்திருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்தது ஒன்று. நாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினவை. முதலில் பாதிப் பணம் கேட்டார்கள், அனுப்பினேன். வரைவைக் காட்டச் சொன்னேன். “சர்ப்ரைஸா இருக்கட்டும் மேடம்” என்றார்கள். ஆறாவது நாள், படம் தயார், மீதியைப் போட்டால்தான் கூரியர் என்றார்கள். அதையும் போட்டேன்.

எண்ணெய் வண்ணம் ஆறு நாளில் தயாராகாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயச் சில நாள் பிடிக்கும், கனமாகப் பூசினால் வாரக்கணக்கில் ஆகும். ஒரு பூச்சு காய்ந்து அதன் மேல் அடுத்தது வர வேண்டும். சீக்கிரம் காய்வது அக்ரிலிக். இது ஒன்று தெரிந்திருந்தாலே மீதிப் பணத்தை நிறுத்தியிருப்பேன்.

பிறந்தநாள் அன்று காலையில் அப்பா கையாலேயே பிரிக்கச் சொன்னோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“இது யாரு நாயி, கண்ணு?”

படத்தில் இருந்தது கொழுகொழுவென்று லாப்ரடார் உடம்பு. பச்சைக் கண். நரையே இல்லாத வழவழ முகம். மூக்கு மட்டும் பெருத்து முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. காது கிழிந்துதான் இருந்தது, ஆனால் வலது காது. அம்மா ஒன்றுமே பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அப்பா என் மனம் நோகக் கூடாது என்று, “பரவால்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

அன்று சாயங்காலம் கேன்வாஸை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேலே தூரிகைத் தடம் மேடு மேடாக இருந்தது. ஆனால் தடம் ஒரு பக்கம் போகிறது, நிறம் இன்னொரு பக்கம் போகிறது. காதில் தொடங்கின ஒரு தடம் அப்படியே பின்னணி வரைக்கும் நீண்டது. கீழே நிறம் மாறுகிறது, மேலே தடம் மாறவில்லை. கையால் வரைந்திருந்தால் காதுக்கு ஒரு நிறம் தொட்டு இழுத்திருப்பார்கள், பின்னணிக்கு வேறு நிறம். அப்பா ஃபேக்டரியில் தேயிலைத் தூள் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளிகள். பிரிண்ட் போட்டு, மேலே நிறமில்லாத பசையைத் தூரிகையால் தடவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எண்ணெய் வாசனை துளிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்த மாதிரிப் படங்களை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். மூன்று படங்கள் வெளிநாட்டு ஓவியர் ஒருவருடைய தளத்தில் அவர் கையெழுத்தோடு கிடந்தன. பணம் அனுப்பும் முன் இதைச் செய்ய இரண்டு நிமிஷம் போதும். நான் செய்யவில்லை, நீங்கள் செய்யுங்கள்.

போன் செய்து கேட்டதற்கு வந்த பதில் இது: “நீங்க அனுப்புன போட்டோ அப்படி மேடம். நாங்க என்ன பண்றது?”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். போட்டோ மோசம் என்பது உண்மை. ஆனால் அதைப் பணம் வாங்கும் முன்னால் சொல்ல வேண்டும். வரைகிற கைக்கு இந்த போட்டோவில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பது முதல் பார்வையிலேயே தெரியும். தெரிந்தும் போதும் என்று சொல்பவர் வரையப்போவதில்லை.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு மாதம் கழித்துத் தோழி ஒருத்தி சொல்லி, கோயம்புத்தூரில் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்காவிடம் பேசினேன். விலை என்ன என்று கேட்டதற்கு, “அது அப்புறம். இருக்கற போட்டோவை எல்லாம் அனுப்புங்க, வரைய முடியுமான்னு மொதல்ல பாக்கறேன்” என்றார். அதே நாலை அனுப்பினேன். நாலையும் வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொன்றும் ஏன் ஆகாது என்று முக்கால் மணி நேரம் போனில் விளக்கினார்.

செல்ஃபியில் முகம் கேமராவுக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு பெரிதாகவும் காதும் நெற்றியும் சின்னதாகவும் விழும். நாய்க்கு மூஞ்சி நீளம் என்பதால் மனிதரைவிட இன்னும் மோசம். அதோடு என் போனின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றியே சேமிக்கிறது. மணியின் கிழிந்த காது வலது பக்கம் போனதற்கு அதுதான் காரணம். சட்டையில் எழுத்து இருந்தால் இடம் வலம் மாறித் தெரிந்து நாம் கண்டுபிடித்துவிடுவோம். நாய் மேல் எழுத்து ஏது?

ஃபிளாஷ் போட்டோவில் கண் பச்சையாக மின்னும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. ராத்திரி காரின் விளக்கில் காட்டெருமைக் கண் மின்னுவதை நம் மலையில் பார்க்காதவர் யார், அதுவேதான். மணிக்கு நல்ல பழுப்புக் கண். அந்த போட்டோவில் அது இல்லவே இல்லை. மேலேயிருந்து எடுத்ததில் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடும். ஃபில்டர் முதலில் தின்பது நரையையும் மீசை மயிரையும்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மிச்சமிருந்த நுணுக்கமும் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அசல் கோப்பு அப்படியே போகும்.

கறுப்பு நாய் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் இந்த மலையில் இருப்பவர்களுக்கு, இன்னொன்று. மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் பின்னால் எல்லாம் வெள்ளை. போன் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாய் நிழல் வெட்டினது மாதிரி ஆகிவிடும். சரி என்று கிட்டே போய் நாயால் படத்தை நிரப்பினால், இப்போது இவ்வளவு இருட்டா என்று போன் வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகும். வானம் தெளிந்த நாளில் நிழலில் நிறுத்தினால் கறுப்பு மயிரில் வானத்து நீலம் ஏறும். அந்த அக்கா சொன்ன வழி: திறந்த வாசல் அல்லது பெரிய ஜன்னல் பக்கத்தில், வெளிச்சம் முகத்துக்கு ஒரு பக்கமாக விழும்படி உட்கார வையுங்கள். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து நாலைந்து எடுங்கள். ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். நாயின் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். கண்ணுக்குள் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் அந்த போட்டோவைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் வரையும்போது கண் செத்துப்போகிறது என்றார்.

போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம் என்பதும் அவர் சொன்னதே. பின்னணியை மங்கலாக்கும்போது காதோரத்து மயிரையும் சேர்த்து அழித்துவிடும்.

மணிதான் இல்லையே, இனி எப்படி எடுப்பது? சொந்தக்காரர்களின் போன்களை எல்லாம் தேடுங்கள் என்றார். சித்தப்பா, அத்தை, பக்கத்து வீடு என்று ஒருவர் விடாமல் கேட்டு அறுபத்தொரு போட்டோ சேர்த்தேன். வீடியோவிலிருந்து நிறுத்தி எடுத்தவை உதவவில்லை. முழு எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில் இருப்பது மொத்தம் இரண்டு மெகாபிக்சல்தான், அதிலும் மணி ஓடிக்கொண்டிருந்தான். காது பின்னால் மடங்கியவற்றையும் ஒதுக்கச் சொன்னார். பட்டாசுச் சத்தத்துக்கு அவன் காதை மடக்குவான். “பயந்த மொகத்தை வருஷக்கணக்கா சுவத்துல மாட்டி வெக்கணுமா?” என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. போன தை மாதம், உறைபனி விழுந்த ஒரு காலையில், திண்ணையில் மணி உட்கார்ந்திருக்கிறான். எடுத்தது தம்பியின் ஆறு வயதுப் பையன். அவனும் கீழ்ப்படியில் உட்கார்ந்து எடுத்திருக்கிறான், அதனால் கேமரா சரியாக மணியின் கண்ணுக்கு நேரே. கிழிந்த இடது காது, நரை, பழுப்புக் கண், எல்லாம் இருந்தது. நெஞ்சு வெள்ளையின் வடிவத்துக்கு வேறு மூன்று போட்டோக்களும் கேட்டார். வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து விழும் இரண்டு போட்டோக்களை ஒட்டி வரைய மாட்டேன், முகத்துக்கு ஒன்றுதான், மற்றவை அடையாளம் சரிபார்க்க மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பென்சில் வரைவை அனுப்பி, அப்பா பார்த்துச் சரி என்ற பிறகுதான் முன்பணம் வாங்கினார். அப்பா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன வழுக்கை உண்டு, அது விட்டுப்போயிற்று என்றார். பெரிதாக்கிப் பார்த்தால் போட்டோவில் இருக்கிறது. பதின்மூன்று வருஷத்தில் எனக்குத் தெரியாது.

ஏமாந்தவர்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிவு செய்த பிறகு 3,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. ‘கையால் வரைந்தது’ என்று அவர்கள் எழுதிய செய்தி, பணம் போன ரசீது, பார்சல் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, எதையும் அழிக்காதீர்கள்.

அந்தக் கேன்வாஸையும் சாட்சிக்காக வைத்திருக்கிறேன். வந்த பெட்டியிலேயே போட்டு, அப்பா கண்ணில் படாமல் பீரோ மேல் தள்ளி வைத்திருக்கிறது.