ஐவிஏ முடிந்தபின் வரும் பிபிஐ பணம்: இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

ஐவிஏ என்பது கடனை அடைக்க, கடன் கொடுத்தவர்களுடன் செய்யும் சட்டப்பூர்வ ஒப்பந்தம். அது முடிந்ததற்கான நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு, தவறாக விற்ற பிபிஐ (கடன் தவணைப் பாதுகாப்பு) காப்பீட்டுக்கு வங்கி இழப்பீடு அனுப்பினால் பணம் யாருக்கு?

இங்கிலாந்து, வேல்ஸ் ஐவிஏ என்றால் செலவழிக்க அவசரப்படாதீர்கள். கிரீன் எதிர் ரைட் வழக்கில் (2017) மேல்முறையீட்டு நீதிமன்றம், சான்றிதழ் தந்தாலும் கடன் கொடுத்தவர்களுக்கான அறக்கட்டு (அவர்களுக்காகச் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாடு) கலையாது என்றது. விதிகள் ஐவிஏவுக்கு ஐவிஏ மாறும். எனவே ஒப்பந்தத்தில் 'நிறைவு', 'சொத்து' பிரிவுகளைப் படித்து, பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, ஐவிஏவை நடத்திய மேற்பார்வையாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன 'பரவாயில்லை' பின்னால் உதவாது.

ஸ்காட்லாந்தில் ஐவிஏ போன்ற ஏற்பாடான டிரஸ்ட் டீட் (கடன் தீர்வுப் பத்திரம்) கடனாளிக்குச் சாதகம். டூனீன் எதிர் மோண்ட் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம், இறுதிப் பங்கீட்டோடு பத்திரம் முடிந்தது, பிறகு தெரியவந்த பிபிஐ பணம் கடனாளிக்கே என்றது. அங்கும் பத்திர வாசகமே தீர்மானிக்கும்.

பணம் உங்களுக்கே என்றால், இழப்பீட்டோடு சேரும் 8% வட்டியில் பிடித்த 20% வரியை, வரியில்லா வரம்புக்குள் இருப்பவர்கள் வரித் துறையின் ஆர்40 படிவத்தில் திரும்பக் கேட்கலாம்.