ஒரே கீயை மறுபடி அழுத்தினால்: ஈமேக்ஸில் எந்த வழி நல்லது?

பாம்பனில் மாமாவின் படகுக் கணக்கை ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருளில்தான் எழுதி வருகிறேன். வடகடல், தென்கடல் என இரண்டு பகுதி. அதற்குக் கீழே நாள்வாரியாக மீன்பாடு, ஐஸ், டீசல், ஆள் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த 61 நாள் தடைக்காலத்தில், இதற்கென ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஒரு கீயை முதலில் அழுத்தினால் வரியின் தொடக்கம், மறுபடி அழுத்தினால் அந்த நாளின் தலைப்பு, மூன்றாம் முறை கடலின் தலைப்பு. இதில் ‘மறுபடி’ என்பதை ஃபங்ஷன் எப்படித் தெரிந்துகொள்ளும்?

முதலில், எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணத் தனியாக ஒரு எண்ணியை வைத்தேன். ஒரு தடவை அழுத்தி, நாலு வரி தட்டிவிட்டு, அப்புறம் அழுத்தினாலும் அதை இரண்டாம் முறையாகவே எடுத்துக்கொண்டது. நடுவில் வேறு வேலை நடந்தது அதற்குத் தெரியாது.

அடுத்து, கர்சர் நிற்கும் இடத்தைப் பார்ப்பது: வரித் தொடக்கத்தில் இருந்தால் தலைப்புக்குப் போ. எதையும் நினைவில் வைக்க வேண்டாம், எளிய வழி. ஆனால் கர்சர் ஏற்கெனவே வரித் தொடக்கத்தில் இருந்தால் முதல் அழுத்தலிலேயே தாவிவிடும். “ஒரு தடவைதானே தட்டுனேன், ஏன் மேல ஓடுது மாப்ள?” என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தை மாற்றும் கட்டளைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.

எனக்குப் பிடித்தது லாஸ்ட்-கமாண்ட், திஸ்-கமாண்ட் என்ற இரண்டு மாறிகளையும் ஒப்பிடுவது. முன்பு ஓடிய கட்டளையையும் இப்போது ஓடுவதையும் ஈமேக்ஸே குறித்து வைக்கிறது. நடுவில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால்கூடத் தொடர் அறுந்துவிடும். அப்படி அறுவதுதான் சரி என்பேன். எத்தனையாவது முறை என்பதை மட்டும் இது சொல்லாது. அதனால் பழைய எண்ணியையும் பக்கத்தில் வைத்தேன்: இரண்டும் ஒன்றானால் ஒன்று கூட்டு, இல்லையென்றால் ஒன்றிலிருந்து தொடங்கு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. திஸ்-கமாண்டை நாமே மாற்றலாம். வெட்டும் கட்டளையான கில்-ரீஜன் அப்படித்தான் தன் பெயரை அதில் எழுதிவைக்கிறது; சொல்லை, வரியை வெட்டும் கட்டளைகளும் அதன் வழியாகவே வெட்டுகின்றன. அதனால்தான் சொல்லை வெட்டிவிட்டு உடனே வரியை வெட்டினாலும் இரண்டும் ஒரே துண்டாகச் சேர்கின்றன. வேறு வேறு கட்டளைகள் ஒரே குடும்பமாகிவிடுகின்றன.

24.4 பதிப்பில் வந்த செட்-டிரான்சியன்ட்-மேப், 28இல் வந்த ரிப்பீட்-மோட் இரண்டும், நீளமான கீ வரிசையை ஒருமுறை அழுத்தியபின் ஒற்றை எழுத்தால் தொடர்வதற்கு அருமை. என் தேவை அது இல்லை.

பிழை வரும் இடம் ஒன்று பாக்கி. கோப்பின் உச்சியில் மேலே தலைப்பு இல்லாமல் தேடல் தோற்றாலும், அந்தக் கட்டளை ஓடியதாகவே பதிவாகும். ஆகவே ஒப்பிட்டு முடித்ததும் திஸ்-கமாண்டில் எந்தக் கட்டளையின் பெயரும் அல்லாத ‘டி’ (t) என்ற மதிப்பை வைத்துவிட்டு, வேலை நல்லபடியாக முடிந்த பிறகே பழைய பெயரைத் திரும்ப வைக்கிறேன்.