லெவல் வாரியா குரூப்பா, கலந்து குரூப்பா? ரெண்டையும் ஓட்டிப் பார்த்த ஒரு டீச்சரோட கணக்கு

நாலாம் கிளாஸும் அஞ்சாம் கிளாஸும் ஒரே ரூம்ல, ஒரே டீச்சர். நம்ம தொடக்கப்பள்ளிகள்ல இது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஒருத்தன் தினத்தந்திய கடகடன்னு படிப்பான், பக்கத்துல இருக்கறவளுக்கு ஒற்றைக்கொம்பு எது இரட்டைக்கொம்பு எதுன்னே இன்னும் பிடிபடல, முதல் பெஞ்சுல பார்வை குறைவான பிள்ளை ஒண்ணு. இவங்கள எப்படிப் பிரிச்சு உட்கார வைக்கறதுங்கறதுலதான் பாதி பாடத்திட்டம் முடிஞ்சிடுது.

லெவல் குரூப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. 2022ல தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து, பிள்ளைங்கள அவங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு (கீழ் லெவல்), மொட்டு (நடு), மலர் (மேல்)னு பிரிக்கறது எல்லாருக்கும் பழகிடுச்சு. அதுக்கு முன்னாடி 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல ஆரம்பிச்ச ஏபிஎல் (செயல்வழிக் கற்றல்) கார்டு, அந்தக் கார்டுங்கள படிப்படியா முடிச்சு ஏறற ஏணிப்படி எல்லாம் நினைவிருக்கும், அதுலயும் அவனவன் வேகத்துல அவனவன் போகலாம்ங்கறதுதான் அடிப்படை. இதோட லாபம் கண்ணுக்கு நேரா தெரியும்: எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்து கிடைக்குது, தெரிஞ்சவன் கொட்டாவி விடாம இருக்கான்.

ஆனாலும் நான் எல்லா லெவல் பிள்ளைங்களும் சேர்ந்து உட்கார்ற கலந்த குரூப்புக்கு சாஞ்சதுக்கு முக்கிய காரணம், லெவல் குரூப்புக்கு ஆகற தயாரிப்பு வேலை. பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு எல்லாம் கொடுக்கறாங்க, மறுக்கல. ஆனா பீரியட்ல நிக்கறது ஒரு ஆள்தானே. அரும்பு பிள்ளைங்களோட நான் தரையில உட்கார்ந்தா மலர் பிள்ளைங்க பயிற்சி நூல முடிச்சிட்டு சண்டைக்கு ரெடியா இருப்பாங்க, அவங்களுக்கு வேற வேலை யோசிக்கணும், மூணு வேலைக்கும் மூணு விதமா நோட்டு திருத்தணும், நடுவுல நாலு நாள் லீவு போட்டு வந்த பிள்ளைய எங்க சேர்க்கறதுன்னு பார்க்கணும், யார் மேல போயிட்டாங்கன்னு திரும்பத் திரும்ப சோதிச்சு மாத்தணும். இந்த மாத்தற வேலை தள்ளிப்போச்சுன்னா அவ்வளவுதான், அரும்பு அரும்பாவே வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும். எமிஸ்ல பள்ளி விவரம் ஏத்தற வேலை, மீட்டிங், வாக்காளர் பட்டியலுக்கான பிஎல்ஓ வேலைன்னு போற வாரத்துல முதல்ல தள்ளிப்போறதும் இதுதான். அதைவிட ஒண்ணு, "டீச்சர், நான் அரும்பு, எனக்கு இது வராது"ன்னு பிள்ளையே சொல்லும்போது நமக்கு சுருக்குன்னு இருக்கும்.

கலந்த குரூப்புல ஒரு பாடத்துக்கு ஒரு திட்டம்தான். நாலு பேரா பிரிச்சு, ஒவ்வொருத்தர் கைலயும் பாடத்தோட ஒரு பகுதிய துண்டுச் சீட்டா கொடுக்கறது. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியலாளர் 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல, கறுப்பின, வெள்ளையின, மெக்சிகன் பிள்ளைங்கள ஒரே கிளாஸ்ல சேர்த்தப்ப வந்த உரசல குறைக்க கொண்டுவந்த ஜிக்சா முறைதான் இது. ஆறுகள் பாடம்னா காவிரி ஒருத்தருக்கு, வைகை ஒருத்தருக்கு, பாலாறு, தாமிரபரணி. படிக்கத் திணறற பிள்ளைக்கு நான் தாமிரபரணிதான் கொடுப்பேன், ஏன்னா விஷயம் சின்னது: பொதிகையில பிறக்குது, புன்னக்காயல் பக்கம் கடல்ல கலக்குது, முழுக்க தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடுது. மூணே வரி. முதல்ல தாமிரபரணி வாங்கின எல்லா குரூப் பிள்ளைங்களும் ஒண்ணா கூடிப் பேசிக்குவாங்க, அதுல ஒருத்தராவது படிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கற மாதிரி பார்த்துக்கணும், மத்தவங்க காதுல கேட்டே தயாராகிடுவாங்க. அப்புறம் அவங்கவங்க குரூப்புக்குத் திரும்பினதும், அந்தப் பிள்ளை வாயத் திறந்தாத்தான் மத்த மூணு பேருக்கும் தாமிரபரணி தெரியும். இவன் சொல்றதுக்காக மலர் பசங்க காத்துக்கிட்டு இருக்கறத லெவல் குரூப்புல பார்க்கவே முடியாது.

பார்வை குறைவான பிள்ளைக்கு மட்டும் அதே துண்ட ஸ்கெட்ச் பேனாவுல பெருசா எழுதிடுவேன், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி உட்கார வைப்பேன். கூடுதல் தயாரிப்புன்னா அவ்வளவுதான். துண்டுச் சீட்டுங்கள கவர்ல போட்டு வச்சிட்டா அடுத்த வருஷத்துக்கும் ஆச்சு.

குறை இல்லாம இல்ல. சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் போகும். நல்லா படிக்கற ஒருத்தனே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுவான், அதனால கடைசியில குரூப் சார்பா யார் எழுந்து பேசணும்னு நான் சீட்டு குலுக்கித்தான் எடுக்கறேன், யார் பேர் வரும்னு தெரியாததால எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் ஆகணும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, காது கேட்காத பிள்ளைக்கு இந்த இரைச்சல் ஒத்துவருமான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, என் கிளாஸ்ல அப்படிப் பிள்ளைங்க இருந்ததில்ல. அங்க வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்பு ஆசிரியர் சொல்றதுதான் சரியா இருக்கும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கறது, கழித்தல்ல கடன் வாங்கறது ரெண்டுக்கும் மட்டும் காலையில கொஞ்ச நேரம் இன்னமும் லெவல் வாரியாத்தான் உட்கார வைக்கறேன். கடன் வாங்கத் தெரியாதவனுக்கு தெரிஞ்சவன் பக்கத்துல உட்கார்ந்தா விடைய காட்டிட்டுப் போயிடறான்.