நைட்ரஸ் மாட்ட 1,85,000 ரூபாய் கொடுத்தேன், இன்ஜின் போச்சு: கோவை கார் நண்பர்கள் கவனத்துக்கு

முந்தாநாள் இன்ஜினைத் திறந்தோம். மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்து ஓரம், எறும்பு அரித்த அச்சுவெல்லம் மாதிரி கரைந்து கிடக்கிறது. ரிங் உடைந்து சிலிண்டர் சுவரையும் கீறிவிட்டது. இன்ஜின் பவரைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கிட்டை மாட்ட நான் கொடுத்த பணம் 1,85,000 ரூபாய். கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 106 குதிரைத்திறன். நைட்ரஸால் அதற்கு மேல் 50 குதிரைத்திறன் கூடினால் போதும் என்றுதான் கேட்டேன். போன இடம் பழைய கார்களுக்கு டியூனிங் செய்யும் ஒரு தனியார் கராஜ்.

முதல் நாள் அங்கே நின்ற வேறொரு காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துக் காட்டினார் கராஜ்காரர். "பாருங்க தம்பி, இந்தப் பீங்கான்ல பொடிப் பொடியா வெள்ளிப் பொட்டு தெரிஞ்சா பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தமுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிளக்கைக் கழட்டிப் பாக்காம நான் வண்டிய வெளிய விடமாட்டேன்." அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர் ஏமாற்றுவாரா? கையில் இருந்த டீ ஆறுவதற்குள் 1,00,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதி 85,000 வண்டி எடுத்த அன்று.

நைட்ரஸ் தானாக எரிகிற வாயு இல்லை. சிலிண்டர் சூட்டில் சுமார் 300 டிகிரியில் பிரிந்து ஆக்சிஜனை விடும். எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23தான். கூடுகிற ஆக்சிஜனுக்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் பற்றாமல் போய்), சூடு ஏறி, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து, பிஸ்டனின் அலுமினியம் உருகும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

போன ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் டிராக்கில் இரண்டாவது ரவுண்டு. நைட்ரஸ் பட்டனை அழுத்தி மூன்று விநாடி இருக்கும். டப்பென்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, வண்டி துள்ளித் துள்ளி நின்றது.

திறந்து பார்த்த வேறொரு மெக்கானிக் சொன்னது: நைட்ரஸ் பக்கம் 75 குதிரைத்திறனுக்கான ஜெட் (எவ்வளவு போக வேண்டும் என்று அளக்கும் சிறு துளை), பெட்ரோல் பக்கம் 50க்கானது. பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கைத் தொடவே இல்லை. 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரியாவது பின்னே தள்ளுவது வழக்கம். பிளக் பழைய ஹீட் ரேஞ்சிலேயே (சூட்டை வெளியேற்றும் அளவு) இருக்கிறது. முழு திராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது), 3000 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டும் கேஸ் திறக்க வைக்கும் சுவிட்சும் இல்லை, வெறும் ஹார்ன் பட்டன். என் வண்டியின் பிளக்கைக் கராஜ்காரர் ஒருமுறைகூடக் கழற்றவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அவருக்குப் போன் செய்தேன். முதலில் "பெட்ரோல்ல கலப்படமுங்க தம்பி". மறுநாள் "நீங்க ரொம்ப நேரம் அழுத்தீட்டீங்க". டைனோ கிராஃப் (வண்டியின் பவரை அளந்த வரைபடம்) தருவதாகச் சொன்னீர்களே அண்ணா என்றால், "லேப்டாப் சர்வீசுக்குப் போயிருக்குங்க". பில் கேட்டால் கணக்கு பார்க்கிற பையன் ஊருக்குப் போயிருக்கிறானாம். கடைசியாக, "ரேஸ் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாதுங்க, தெரியாதா?" 1,85,000 ரூபாய் வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே!

எப்படிப் பாதுகாப்பாக மாட்டுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பில்லும் டைனோ கிராஃபும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் கேஸை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் மாட்டவே வேண்டாம். பாட்டில் பிரஷர் 900 முதல் 1000 பிஎஸ்ஐ, அதை ஏற்ற நெருப்பு காட்டுகிறவன் கடையிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

மூன்றாவது சிலிண்டரின் பிளக் மேஜைமேல் இருக்கிறது. பீங்கானில் வெள்ளிப் பொட்டுகள், அவர் சொன்ன மாதிரியே. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன், நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது. 1,85,000 ரூபாய்க்கான ஜிபே விவரத்தோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி எங்காவது வண்டியை விட்டிருப்பவர்கள், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு ஜெட்டையும் கழற்றச் சொல்லி அதில் பொறித்த எண்ணைக் கிட் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள்.