ஐந்தரை மணி நேர வித்தியாசம்: ஒரே கணினியில் மூன்று ஓஎஸ் (இயங்குதளம்), இரண்டு வருட அனுபவம்

வேளச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் புதுக் கணினி வாங்கிவிட்டுக் கூப்பிட்டார். "உங்க வீட்ல விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் ஒரே சிஸ்டத்துலதானே ஓடுது? நானும் அப்படிப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் உற்சாகமாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை. "வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் பேசினேன். பேசியது முழுக்கக் கடிகாரத்தைப் பற்றித்தான்.

2023 தீபாவளிக்கு முன்னால் ரிச்சி தெருவில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம் இது. ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி. வீடு பெரம்பூரில். உட்காருகிறவர்கள் மூன்று பேர். மனைவி வீட்டிலிருந்தபடி நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். டாலி, ஜிஎஸ்டி என்று அவளுக்கு விண்டோஸ் 11 இல்லாமல் முடியாது. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். (2022-லிருந்து அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர். அப்பா அதை ஏற்கவில்லை, கார்டுதான் என்பார்.) அவருக்கு லினக்ஸ் மின்ட். எனக்கு ஃபெடோரா, அதுவும் ஒரு லினக்ஸ்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட எந்த ஓஎஸ்ஸும் திறக்காமல் போனதில்லை. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டால் பலருக்கு லினக்ஸ் திறக்காமல் போனது. எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையும் வரவில்லை. நான் செய்த ஒரே உருப்படியான காரியம் விண்டோஸை ஒரு எஸ்எஸ்டியிலும் லினக்ஸ் இரண்டையும் இன்னொன்றிலும் போட்டதுதான். லினக்ஸ் போடும்போது விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். கழற்றாமல் போட்டால், நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் சில இன்ஸ்டாலர்கள் கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகளை முதல் டிஸ்க்கிலேயே கொண்டுபோய் எழுதிவிடும். பிறகு ஒரு டிஸ்க் போனால் இரண்டும் போன மாதிரிதான்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் முழுவதும் மூடாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும், இரண்டுக்கும் பொதுவாக வைத்திருக்கும் டிரைவில் மின்ட்டால் எதையும் எழுத முடியாது. இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) கைவைப்பதற்கு முன், அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

எதிர்பார்க்காத சந்தோஷம் அப்பாதான். 74 வயது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மின்ட் இரண்டிலும் இருப்பதால் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய். மூன்று வாரத்தில் விசையைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கூட்ஸ் வண்டியின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் தனியாகப் போன ராத்திரிகளை எழுதுகிறார். அரக்கோணம் யார்டு, பேசின் பிரிட்ஜ், அவுட்டர் சிக்னலில் நின்றுகொண்டே விடிந்த பொழுதுகள். தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டு உட்காருவார்.

இனி கடிகாரம்.

வாங்கிய முதல் வாரமே ஆரம்பித்தது. அப்பா எழுதிவிட்டு எழுந்த பிறகு மனைவி விண்டோஸைத் திறந்தால், ராத்திரி ஏழு மணிக்கு மூலையில் ஒன்றரை என்று காட்டும். விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் முந்தைய நாள் ராத்திரி பதினொன்றரை. கணக்கு எழுதுகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒன்றாம் தேதி காலையில் எக்செல்லில் போட்ட பில்லில் போன மாதத்துத் தேதி விழுந்து, கடைக்காரர் ஃபோன் செய்து கேட்டார்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் சர்வீஸ் கடையில் கேட்டேன். "சிமாஸ் பேட்டரி போயிருக்கும் சார்" என்று மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல்லை மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே அதே கதை. திரும்பப் போனேன். வேறு செல் போட்டார்கள். மூன்றாவது முறை, "போர்டுலயே ஃபால்ட் இருக்கும், மாத்திடலாமா?" என்றார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத போர்டு!

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். செல் தீர்ந்துபோனால் நேரம் கண்டபடி போகும். பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் ஏதோ பழைய வருடத்துத் தேதியைக் காட்டும். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் செல்லும் போர்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரம் நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள தூரம்.

கணினியை அணைத்த பிறகும் போர்டில் ஒரு கடிகாரம் அந்தச் செல்லின் தயவில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மணி மட்டும்தான் தெரியும், எந்த ஊர் மணி என்று தெரியாது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அது 1980-களின் ஐபிஎம் பிசி காலத்துப் பழக்கம். யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் அதில் உலகப் பொதுநேரமான யுடிசி இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணியைக் கூட்டித் திரையில் காட்டும். மின்ட் நெட்டில் சரியான நேரத்தை வாங்கி, அந்தக் கடிகாரத்திலும் யுடிசியை எழுதிவைத்துவிடும். அடுத்து வரும் விண்டோஸ் அதைச் சென்னை நேரம் என்று நம்பிவிடும். அதுவும் நெட்டில் சரிபார்க்கும்தான், ஆனால் திறந்தவுடனே செய்வதில்லை.

இதை அப்பாவிடம் விளக்கியபோது பாதியிலேயே நிறுத்தினார். "ஊர் நேரம் ஒண்ணு, ரயில் நேரம் ஒண்ணு. அவ்வளவுதானே?" என்றார். அதுவேதான். 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொதுநேரம் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் தனி நேரம் இருந்தது. ரயில்கள் மட்டும் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கணித்த நேரம் அது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். சர்வீஸ் கடையில் மூன்று முறை போயும் கிடைக்காத விளக்கம் அப்பாவிடம் ஒரு வரியில் கிடைத்தது.

சரி, தீர்வு. இரண்டு வழி உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத்துக்கான பகுதியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து அதை 1 ஆக்கினால், விண்டோஸும் யுடிசிக்கு வந்துவிடும். அல்லது லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையால் அதை உள்ளூர் நேரத்துக்குக் கொண்டுவரலாம். நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றுவது கிடையாது. அதனால் இரண்டாவது வழியிலும் பெரிய தொல்லை வராது. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். நான் செய்தேன். பிந்திக்கொண்டிருந்த விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் முந்த ஆரம்பித்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, மின்ட்டில் செய்ததைத் திருப்பினேன். இரண்டு லினக்ஸ் இருக்கும் வீட்டில் விண்டோஸை மாற்றுவதுதான் சரி. ஒரே இடத்தில் கை வைத்தால் போதும்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் நிம்மதி. அதோடு முடிந்திருந்தால் நண்பரிடம் "தாராளமா போடுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன மாதம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. அதே கடையில் கொடுத்தேன். புது எஸ்எம்பிஎஸ் போட்டு, எல்லாம் துடைத்து, சுத்தமாகக் கொடுத்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. பையன் பயாஸைத் திறந்து பார்த்திருக்கிறான். அங்கே மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்திருக்கிறது. யுடிசி அப்படித்தான் தெரியும். தப்பாக இருக்கிறதே என்று, யாரும் சொல்லாமலே நல்ல எண்ணத்தில் அதைச் 'சரி' செய்து இந்திய நேரம் வைத்துவிட்டான். சொல்லவும் இல்லை, பில்லிலும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நெட் இல்லை. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதில் ஃபைபர் அறுந்திருந்தது. அப்பா வழக்கம்போல ஆறு மணிக்கு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில், "டேய், மணி 23-40னு காட்டுது. இப்ப 18-10தானே?" என்று குரல் கொடுத்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். "நெட் வந்தா தானா சரியாயிடும்பா, நீங்க எழுதுங்க" என்றேன். எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் எழுதிச் சேமித்தார். கோப்பின்மேல் 23-40 என்று முத்திரை விழுந்தது. பொது டிரைவில் இருப்பதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதோடு ஒப்பிட்டு, எது புதியதோ அதை இரண்டு இடத்திலும் வைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். அதன்படி அந்த நகல் ஹார்ட் டிஸ்க்குக்கும் போனது. ஏழு மணிக்குமேல் நெட் வந்தது, கடிகாரம் சரியானது. சாப்பிட்டுவிட்டு நானும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்தோம். மனைவியின் வேலைக்காக விண்டோஸ் திறந்திருந்தது, அதிலேயே அந்தக் கோப்பைத் திறந்தோம். அவர் பழைய டைரியைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் திருத்தினேன். ஒரு ராத்திரி கூட்ஸ் வண்டியின் நடுவில் வேகன்களை இணைக்கும் கப்ளிங் அறுந்து, கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டி நீளத்துக்கு இருட்டில் நடந்த கதை. எத்தனையாவது வேகன், எந்தக் கேட்டுக்குப் பக்கம், கேட்கீப்பர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். நடுவில் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஆறு பக்கம் முடிக்கும்போது பத்து மணி.

சேமித்தேன். நகல் எடுக்கும் நிரல் ஓடியது. அதன் கணக்கில் 22-05-க்குச் சேமித்த கோப்பைவிட 23-40-க்குச் சேமித்தது புதியது. பழையதைக் கொண்டுவந்து புதியதன்மேல் எழுதிவிட்டது. மறுநாள் சாயந்திரம் அப்பா திறந்து பார்த்துவிட்டு, "நேத்து பண்ணதெல்லாம் எங்கடா?" என்றார்.

மீட்டெடுக்கும் நிரல்களை எல்லாம் முயன்றேன். கிடைக்கவில்லை. திரும்ப உட்கார்ந்து சொல்லச் சொன்னேன். சொன்னார். ஆனால் கேட்கீப்பர் பேசியது முதல்நாள் வந்த மாதிரி வரவில்லை. "அது நேத்து எப்படியோ வந்துச்சு" என்றார்.

இதில் குறை யாருடையது? விண்டோஸ் தன் வழக்கப்படி நடந்தது, மின்ட் தன் வழக்கப்படி நடந்தது. கடைப் பையன் நல்லதுதான் நினைத்தான். பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்காத ஏற்பாடு என்னுடையது. அதை அன்றைக்கே மாற்றிவிட்டேன், இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் பத்துப் பிரதி தனியாக இருக்கிறது. இவ்வளவும் புரிந்தும் கோபம் ஆறவில்லை. போர்டில் இருப்பது எந்த ஊர் மணி என்று குறித்துவைக்க எல்லாரும் மதிக்கிற ஓர் இடம் இத்தனை வருடத்தில் வந்திருக்க வேண்டும். பயாஸ் திரையில் 'இது யுடிசி' என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பையன் கை வைத்திருக்க மாட்டான்.

அதனால்தான் நண்பரிடம் வேண்டாம் என்றேன். ஒரே ஆள் உட்காருகிற கணினி என்றால் போடுங்கள், நன்றாக ஓடும், இரண்டு வருடம் ஓட்டிய நானே சாட்சி. மூன்று பேர் மாறி மாறி உட்காருகிற வீட்டில், ரிப்பேருக்கு வெளியே போய்வருகிற பெட்டியில் போடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு பழைய லேப்டாப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் மின்ட் மட்டும் இருக்கும். நண்பர், "அப்ப உங்க சிஸ்டத்துல எடுத்துடப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை, ஃபெடோராவை விட எனக்கு மனசில்லை.

பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'பயாஸ் மணியை மாற்ற வேண்டாம்.' அப்பா அதை நம்பவில்லை. இப்போதெல்லாம் எழுத ஆரம்பிக்கும் முன் கையில் கட்டியிருக்கும் எச்எம்டி வாட்ச்சைப் பார்த்து, பக்கத்தின் மேலே தேதியும் நேரமும் தானே அடித்துவிடுகிறார். நேற்றைய பக்கத்தில் 18-04.