ஆறு வயதுப் புது டில்லர்

2025 ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கடையில் பவர் டில்லர் வாங்கினேன், பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற சிறு உழவு வண்டி. கடையின் பெயரை எழுதவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை, நானும் சண்டைக்காக எழுத உட்காரவில்லை. ஆனால் அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த நெல் போகத்துக்கு, யாராவது வண்டி எடுக்கப் போகிறவர்கள் இருந்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

பூதப்பாண்டிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் வயல், வரப்போரம் கொஞ்சம் மட்டி வாழை. கன்னிப்பூ என்ற முதல் போகம் அறுத்து முடிந்ததும், கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்குத் தொளி அடிக்க, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழ, ஊரே ஒரே வாரத்தில் வாடகை டிராக்டரைத் தேடும். போன வருடம் நாற்று முற்றிப்போன பிறகுதான் எனக்கு முறை வந்தது. வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத்துக்கு எழுதி வைத்திருக்கலாம். சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை வரை கிடைக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கைப்பணத்தில் 2,20,000 ரூபாய் கொடுத்தேன். அவசரப்படுகிறவனைக் கடைக்காரர் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார் போலிருக்கிறது.

வண்டியை வெளியே எடுக்கும்போது நல்ல மரியாதை. கைப்பிடியில் தோவாளை மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எஞ்சினுக்குக் கீழே இருந்த தகட்டின்மேல் உள்ளங்கையளவு சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான் கடைப் பையன். பக்தியுள்ள பிள்ளை என்று நினைத்து அவனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் டீசல் சொட்டியது. மெக்கானிக் வந்து டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி விரலால் மடக்கினார். பட்டென்று உடைந்தது. "அண்ணாச்சி, புதுக் குழாய் என்றால் வளையும். இது அப்பளம் மாதிரி நொறுங்குகிறதே, இந்த வண்டி எங்கே கிடந்தது?" என்று கேட்டார். வடிகட்டியைத் திறந்தால் அடியில் செம்பழுப்பாகத் துருப்பொடி. கிரீஸ் நிப்பிளில் இருந்தது கிரீஸே இல்லை, காய்ந்த மெழுகு.

தொளி அடிக்க டயருக்குப் பதில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டியிருந்ததால் டயர் இரண்டும் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. மெக்கானிக் ஒரு கதம்பைத் துண்டை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டை, எடுத்து டயரின் பக்கவாட்டில் சேற்றைத் தேய்த்தார். சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரிந்தன: 3719. முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2019-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரம், அதாவது செப்டம்பர். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, டிக்கெட் கட்டில் ஒரு எண் தாண்டினாலும் கண்டுபிடித்தவன் நான். இந்த நான்கு எண்களை ஐந்து நாளாகப் பார்க்கவில்லை.

பிறகு சந்தனத்தைக் கழுவினோம். அடியில் கடையின் தொலைபேசி எண் அச்சிட்ட ஸ்டிக்கர். டீசல் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். தகட்டில் உற்பத்தி மாதம் 11/2019. என் பேத்தி 2020 மாசியில் பிறந்தவள். டில்லர் அவளுக்கு அக்கா. வண்டியில் புதிதாக இருந்தது பேட்டரி ஒன்றுதான். ஆறு வருடம் கிடந்த பேட்டரி உயிரோடு இருக்காது என்பதால் அதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். முதலாளி பதறவில்லை. "யாரும் ஓட்டாத வண்டிதானே சார்? கொரோனா நேரத்தில் கோடவுனில் நின்றுவிட்டது. வாரண்டி பில் தேதியிலிருந்துதான் தொடங்கும், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். ஓட்டாதது உண்மைதான், பற்சக்கரங்களில் தேய்மானமே இல்லை. ஆனால் ரப்பருக்குப் பில் தேதி தெரியாது. மலையோரம் முழுக்க ரப்பர் மரம் நிற்கிற மாவட்டத்தில் இதை ஒருவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. டயர், பெல்ட், ஆயில் சீல், குழாய் எல்லாம் நின்ற இடத்திலேயே கிழடு தட்டியவை. நாளை நான் விற்கப் போனால் வாங்குகிறவன் தகட்டைத்தான் பார்ப்பான், என் பில்லை அல்ல. பழைய இருப்பு என்று சொல்லி முப்பதாயிரம் குறைத்திருந்தால் சந்தோஷமாகவே எடுத்திருப்பேன். சொல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் இரண்டு இலவச சர்வீஸ் தருவதாகச் சொன்னார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, தகடு, டயர், பில் மூன்றின் படத்தையும் வைத்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்றும், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்றும் அதில் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு குரல் மாறியது. பெல்ட், சீல், குழாய் எல்லாவற்றையும் செலவில்லாமல் மாற்றினார்கள். டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். பணத்தில் 15,000 திரும்ப வந்தது. மீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். குழாய் மாற்றிய பிறகு ஒன்றரை ஏக்கரையும் இரண்டு சால் ஓட்டி முடிக்க இரண்டு நாள், பதினாறு லிட்டர் டீசல். தொளி வெண்ணெய் மாதிரி வந்தது. வரப்பு முனையில் திருப்பும்போது தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது, அது எந்த டில்லரிலும் உள்ளதுதான். கம்பெனிக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். கடைக்கு இரண்டு, அதுவும் மாற்றிக் கொடுத்ததற்காக.

புது டயர் ஒன்று வந்துவிட்டது, எண் 2225. இன்னொன்று அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். வந்ததும் கதம்பையோடுதான் போவேன்.